பட்டியலில் இல்லாதவர்கள்: நிவாரண அமைப்புகளின் நடுநிலை குறித்து

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பற்றியோ சாதி ஒழிப்பு பற்றியோ பேசுவது வழக்கம். இந்த முறை நான் செஞ்சிலுவைச் சங்கத்தைப் பற்றியும், நாடுகளுக்கு இடையிலான, நாடுகளுக்கு உள்ளேயான நிலத் தகராறுகளில் நிவாரண அமைப்புகள் கடைப்பிடிக்கும் நடுநிலையைப் பற்றியும் பேசப்போகிறேன் என்றதும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஜெனிவாவுக்கும் நம்ம சேரிக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக முதலில் வாத்தியாரைப் பற்றிய ஒரு நினைவைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்தில் சுடுகாட்டுப் பாதையில் தகராறு. பிணத்தை ஊர்த்தெரு வழியே எடுத்துப் போனதற்காகக் காலனி ஆட்களை அடித்தார்கள். வண்டிகளைக் கொளுத்தினார்கள். வழக்கம்போல இரண்டு பக்கமும் வழக்குப் போட்டு, இரண்டு பக்கமும் ஆளைப் பிடித்துவிட்டு, அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. அதிகாரி ஆரம்பித்தார்: "ரெண்டு தரப்பும் விட்டுக்கொடுத்துப் போங்க. நாங்க எந்தப் பக்கமும் கிடையாது, நடுநிலை." வாத்தியார் எழுந்து அமைதியாகக் கேட்டார்: "சார், நடுவுல நிக்கிறோம்னு சொல்றீங்க. எங்கருந்து எங்க வரைக்கும் அளந்து அந்த நடுவைக் குறிச்சீங்க?"

அதிகாரிக்கு அது புரியவில்லை. எனக்கும் அன்றைக்கு முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கத்தான் ஏற்கெனவே பாதி பாதையைப் பிடித்துக்கொண்ட பிறகு மிச்சப் பாதியை அளந்தால், நடு என்பது நம்முடைய வீட்டுவாசலில் வந்து நிற்கும். நிலத் தகராறில் நடுநிலை என்பதன் முதல் சிக்கல் இதுதான். நடுவைக் குறிக்க எல்லை வேண்டும். எல்லை எது என்பதுதான் தகராறே.

தமிழில் நமக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. 'நடுவுநிலைமை' என்று குறளில் ஓர் அதிகாரமே இருப்பதால், அந்தச் சொல்லைக் கேட்டவுடனே அறம், நீதி, தராசு என்று மனம் போய்விடுகிறது. செஞ்சிலுவை இயக்கம் சொல்லும் நடுநிலை அது அல்ல. 1965இல் வியன்னாவில் கூடிய அந்த இயக்கம் ஏழு அடிப்படைக் கொள்கைகளை அறிவித்தது. மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம், தன்னார்வச் சேவை, ஒருமை, உலகளாவிய தன்மை. இரண்டாவதையும் மூன்றாவதையும் மாணவர்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பாரபட்சமின்மை என்றால், இனம், மதம், வர்க்கம், அரசியல் எதையும் பார்க்காமல் யாருக்கு வேதனை அதிகமோ அவருக்கு முதலில் உதவுவது. நடுநிலை என்றால், சண்டையில் பக்கம் சேராமல் இருப்பது, அரசியல், இன, மத, கருத்தியல் சர்ச்சைகளில் இறங்காமல் இருப்பது. முன்னது நோக்கம். பின்னது அந்த நோக்கத்தை அடைவதற்கான வழி, எல்லாத் தரப்பின் நம்பிக்கையையும் பெற்று உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. குறளின் தராசு பாரபட்சமின்மைக்குத்தான் நெருக்கம். நாம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, அனுமதிச் சீட்டுக்கு அறத்தின் மரியாதையைக் கொடுத்துவிடுகிறோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நடுநிலை இரண்டு கொடிகளைத்தான் பார்க்கும். கொடிகளுக்குக் கீழே யாருடைய நிலத்திலும் பெயர் இல்லாமல் நிற்பவர்களை அது பார்ப்பதில்லை. அவர்களைப் பார்க்க வேண்டியது பாரபட்சமின்மை. நடுநிலையைக் காப்பாற்றுவதற்காகப் பாரபட்சமின்மையைக் கைவிடும் இடம் ஒன்று ஒவ்வொரு நிலத் தகராறிலும் வருகிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் நிற்பது நம்மைப் போன்றவர்கள்.

பாலஸ்தீனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். காரணம், ஒரு கொள்கை எப்படி எல்லைக்கோட்டில் மாட்டிக்கொள்கிறது என்பது அங்கே மிகத் தெளிவாகத் தெரியும்.

ஏழு கொள்கைகளில் 'ஒருமை' என்று ஒன்று சொன்னேன். ஒரு நாட்டில் ஒரே ஒரு செஞ்சிலுவைச் சங்கமோ செம்பிறைச் சங்கமோதான் இருக்கலாம். அது அந்த நாட்டின் நிலப்பரப்பு முழுவதும் வேலை செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிமையான நிர்வாக விதி. ஆனால் 'நாடு' எது, 'நிலப்பரப்பு' எதுவரை என்று சொல்லாமல் இந்த விதியை நடைமுறைப்படுத்த முடியாது. அரசியல் சர்ச்சையில் இறங்கமாட்டேன் என்று சொல்லும் இயக்கத்தின் அமைப்பு விதியிலேயே உலகத்தின் மிகப் பெரிய அரசியல் சர்ச்சை உட்கார்ந்திருக்கிறது.

பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கம் 1968இல் தொடங்கப்பட்டது. போர், அகதி முகாம், முற்றுகை என்று எல்லாவற்றுக்குள்ளும் ஆம்புலன்ஸ் ஓட்டியது. ஆனாலும் 2006 வரை அதற்கு முழு அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் பெற வேண்டுமானால் சுதந்திர நாடு ஒன்றின் சங்கமாக இருக்க வேண்டும். பாலஸ்தீனம் அப்படி ஏற்கப்படவில்லை. மறுபக்கம் இஸ்ரேலின் மாகன் டேவிட் ஆடோம், 1930இல் தொடங்கியது. அதற்கும் அங்கீகாரம் இல்லை. காரணம் வேறு. சிவப்புத் தாவீது நட்சத்திரத்தை விட்டுவிட்டுச் சிலுவையையோ பிறையையோ ஏற்க அது மறுத்தது. (சின்னத்தின் கதையே தனி. மதச்சார்பில்லாத சின்னம் என்று சொல்லி ஸ்விஸ் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டார்கள். 1876இல், சிலுவை தங்கள் சிப்பாய்களைப் புண்படுத்துகிறது என்று ஒட்டோமான் பேரரசு பிறையை எடுத்துக்கொண்டது. தன்னுடைய சின்னம் மட்டும் பொதுச்சின்னம், அடுத்தவனுடையது மதச்சின்னம் என்று நினைப்பது நமக்கும் பழகிய விஷயம்தான்.)

இந்த முடிச்சை அவிழ்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2005 நவம்பரில், ஸ்விட்சர்லாந்து முன்னின்று ஏற்பாடு செய்ய, இரண்டு சங்கங்களும் ஜெனிவாவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1967இல் இஸ்ரேல் ஆக்கிரமித்த பாலஸ்தீன நிலப்பரப்பு செம்பிறைச் சங்கத்தின் செயற்களம் என்றும், சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட இஸ்ரேலிய எல்லைக்கு வெளியே மாகன் டேவிட் ஆடோமுக்குக் கிளைகள் இருக்கக்கூடாது என்றும் அதில் எழுதினார்கள். அடுத்த மாதமே செம்படிகம் என்ற மூன்றாவது சின்னத்தை ஏற்கும் உடன்படிக்கை நிறைவேறியது. 2006 ஜூனில் இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன.

ஒரே நேரத்தில், கவனியுங்கள். ஆக்கிரமித்த நாட்டின் சங்கத்தையும் ஆக்கிரமிக்கப்பட்ட மக்களின் சங்கத்தையும் இரண்டு தட்டிலும் வைத்துச் சமன் பார்த்தார்கள். ஆனால் நான் இதை வெறும் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தத்தில் 'ஆக்கிரமிக்கப்பட்ட' என்ற சொல் இருக்கிறது. இஸ்ரேலியச் சங்கமே கையெழுத்துப் போட்ட தாளில் அது இருக்கிறது. பக்கம் சேராத ஓர் இயக்கம் சட்டத்தின் சொல்லைப் பயன்படுத்தி உண்மையை எழுத வைத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆக, நடுநிலை என்றால் உண்மையைச் சொல்லாமல் இருப்பது என்று அர்த்தம் இல்லை.

எழுதிய பிறகு நடந்ததுதான் வேறு. யூதக் குடியேற்றங்களில் மாகன் டேவிட் ஆடோமின் பெயரும் வண்டிகளும் தொடர்ந்தன. ஒப்பந்தத்தைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டவர்கள் வருடக்கணக்கில் அறிக்கை எழுதினார்கள். மேற்குக் கரையிலிருந்து ஜெருசலேம் மருத்துவமனைக்குப் போகும் நோயாளியைச் சோதனைச் சாவடியில் ஒரு ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி இன்னொரு ஆம்புலன்ஸில் ஏற்றுவது அன்றாட வழக்கமாக நீடித்தது. ஸ்ட்ரெச்சர் தெருவைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமைக் கொள்கை, நிலப்பரப்பு, சங்கத்தின் அதிகார வரம்பு எல்லாம் அந்த நோயாளியின் உடம்பின் மேல்தான் நடக்கின்றன. சீருடையும் சின்னமும் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பதை 2025 மார்ச்சில் ரஃபாவில் பார்த்தோம். மீட்புப் பணியில் இருந்த 15 பேர் கொல்லப்பட்டு மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 8 பேர் செம்பிறைச் சங்கத்தினர்.

இன்னொரு உதாரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். பெலாரஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைமைச் செயலர் 2023இல் ரஷ்யா பிடித்துவைத்திருக்கும் உக்ரைன் நிலப்பகுதிக்குப் போனார். ரஷ்யப் படையின் அடையாளமான 'இசட்' எழுத்தைச் சட்டையில் அணிந்துகொண்டார். உக்ரைன் குழந்தைகளை உடல்நலம் தேற்றுவதற்காகப் பெலாரஸுக்கு அழைத்துவருவதில் தன் சங்கத்துக்குப் பங்கு உண்டு என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். உக்ரைன் குழந்தைகளைக் கடத்திச் சென்றதாகப் புதினுக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அந்த ஆண்டு மார்ச்சில்தான் பிடியாணை பிறப்பித்திருந்தது. அவரை நீக்கச் சொன்னது சர்வதேசக் கூட்டமைப்பு. பெலாரஸ் சங்கம் மறுக்கவே, டிசம்பர் 1 முதல் அதை இடைநிறுத்தியது. சரியான நடவடிக்கைதான். ஆனால் எழுத்தைச் சட்டையில் போட்டவனைத் தண்டிப்பது எளிது. சட்டையில் எதுவும் போடாமல், அரசாங்கம் தரும் பட்டியலை அப்படியே வாங்கி நிவாரணம் கொடுப்பவனை எந்த விதி தண்டிக்கும்?

இனி நமக்குப் பக்கத்தில் நடந்ததற்கு வருகிறேன். வன்னி.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு, வன்னியில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி ஐ.நா.வையும் தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்னது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் கூடி, போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். அவர்கள் போனார்கள். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு தங்கியது.

பிறகு நடந்ததில் இரண்டு வகை மௌனம் இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுவது நம் மேடைகளில் வழக்கம். நான் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கொழும்பில் இருந்த ஐ.நா. அலுவலகம் இறந்தவர்களின் கணக்கைத் தொகுத்துக்கொண்டிருந்தது. ஆனால் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லி அதை வெளியிடத் தயங்கியது. பெரும்பாலான சாவுகளுக்கு அரசுப் படைகளின் குண்டுகள் காரணம் என்று தெரிந்தும் பொதுவில் சொல்லவில்லை. போர்ப் பகுதியில் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே 2,80,000 பேருக்கு மேல். 70,000 என்பது வெறும் தவறான எண் அல்ல. அந்த எண்ணை வைத்துத்தான் அரிசியும் மருந்தும் அனுப்பப்பட்டன. கணக்கில் இல்லாதவனுக்குக் கஞ்சி இல்லை. 2012 நவம்பரில் ஐ.நா.வே அமைத்த உள்விசாரணைக் குழு, சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான குழு, இது ஒரு கட்டமைப்புத் தோல்வி என்று எழுதியது. அந்த மௌனத்தால் கிடைத்தது என்ன? கொழும்பில் அலுவலகம் தொடர்ந்து இருந்தது. விசா நீட்டிப்பு கிடைத்தது.

செஞ்சிலுவைக் குழுவும் யார் சுட்டார்கள் என்று பெயர் சொல்லவில்லை. புதுக்குடியிருப்பு மருத்துவமனை மேல் குண்டு விழுந்தது என்று சொன்னது. கற்பனை செய்ய முடியாத பேரழிவு என்று மே மாதம் சொன்னது. அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் 2009 பிப்ரவரி 10 முதல் மே 9 வரை அது கப்பல் கொண்டுவந்தது. கரையில் கப்பல் அணைய வசதி இல்லை. புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைச் சின்னப் படகுகளில் ஏற்றி, கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் சேர்த்தார்கள். காயம்பட்டவர்களும் அவர்களுடைய உறவினர்களுமாக 13,000 பேருக்கு மேல். அந்தக் கப்பலுக்கு அரசும் அனுமதிக்க வேண்டும், புலிகளும் அனுமதிக்க வேண்டும். மக்களை வெளியே போகவிடாமல் தடுத்ததும், போனவர்களைச் சுட்டதும், பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததும் புலிகள் செய்தவை; அதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். அப்படி இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே, பெயர் சொல்லாமல் இருந்த விலைக்கு ஒரு கப்பல் வந்தது.

இந்த ஒப்பீட்டை நான் எளிதாகச் செய்யவில்லை. அந்த மண்ணில் இருந்தவர்களுக்குத்தான் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு. ஆனால் நாம் கேட்கப் பழக வேண்டிய கேள்வி இதில் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். பேசினாயா, பேசவில்லையா என்பதோடு நிறுத்தக்கூடாது. உன் மௌனத்துக்கு என்ன வாங்கினாய், யாருக்காக வாங்கினாய் என்று கேட்கவேண்டும்.

அப்படியானால் பேசுவதற்கு விலை இல்லையா என்று மாணவர்கள் கேட்பீர்கள். உண்டு. 2009 மார்ச்சில் சூடான் அதிபர் பஷீருக்குப் பிடியாணை வந்த உடனே, டார்ஃபூரில் வேலை செய்த 13 சர்வதேச அமைப்புகளை அந்த அரசு வெளியேற்றியது. நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுத்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. விலையைக் கொடுத்தவர்கள் முகாம்களில் இருந்த நோயாளிகள். பியாஃப்ராவின் கதை இன்னும் குழப்பமானது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக நடந்த போர் அது. முற்றுகையால் குழந்தைகள் பட்டினியில் செத்தார்கள். 1969 ஜூனில் நைஜீரிய விமானப்படை செஞ்சிலுவை விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதோடு செஞ்சிலுவைக் குழுவின் விமானப் போக்குவரத்து நின்றது. அனுமதி, நடுநிலை எதையும் பெரிதாகக் கவலைப்படாத திருச்சபை அமைப்புகள், சாவோ டோமே தீவிலிருந்து ராத்திரியில் விமானம் ஓட்டி, ஒரு நெடுஞ்சாலைத் துண்டில் இறக்கி, உணவைக் கொண்டுசேர்த்தன. செஞ்சிலுவைக்காக அங்கே வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் இந்த மௌனம் எங்களுக்கு வேண்டாம் என்று வெளியே பேசினார்கள். 1971இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உருவானதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் பியாஃப்ராவின் தலைமை அந்தக் குழந்தைகளின் படங்களைத் தன் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியது என்பதும், அந்த விமானங்கள் போரை நீட்டித்தன என்ற விமர்சனமும் பின்னால் வந்தன. நடுநிலையை உடைத்துவிட்டாலே நியாயம் வந்து உட்கார்ந்துவிடாது. எந்தக் கொடிக்கு உதவுகிறோம் என்று தெரியாமலே உதவிக்கொண்டிருப்போம்.

இதுவரை சொன்னது கொடிகளைப் பற்றி. கொடிக்குக் கீழே யார் என்பதற்கு வருகிறேன். இலங்கையிலேயே இருப்போம்.

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. பலாலி விமானத் தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் என்று ராணுவம் பிடித்துவைத்த நிலம். 1990இல் தொடங்கி அங்கிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மல்லாகம் போன்ற இடங்களில் முகாம்களில் இருந்தார்கள். உலகத்தின் பார்வையில் இது அரசுக்கும் தமிழர்களுக்கும் இடையிலான நிலப் பிரச்சினை. உண்மைதான். ஆனால் வருடங்கள் போகப்போக முகாம்களில் மிஞ்சியவர்கள் யார்? காலிங்க டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட, இலங்கைச் சமூகம் சாதி இல்லாததா அல்லது சாதியைக் காணாததா என்று கேட்கும் ஆய்வு இதைப் பதிவுசெய்கிறது. நிலம் வைத்திருந்தவர்களும், வெளிநாட்டில் உறவு உள்ளவர்களும், வேறு ஊரில் வீடு கிடைத்தவர்களும் முகாமை விட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் நளவர், பள்ளர் முதலான ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. பணம் இருந்தாலும் விற்க ஆள் இல்லை. 1968இல் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்த மாவிட்டபுரம் இதே வலிகாமம் வடக்கில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நிவாரண அமைப்பின் படிவத்தில் அவர்கள் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்'. சாதி என்ற கட்டம் அதில் இல்லை. கேட்பது நாகரிகம் இல்லை, பிரிவினையை வளர்ப்பதாக ஆகும், நாங்கள் உள்ளூர் அரசியலில் தலையிடுவதில்லை என்பார்கள். 'நிலத்தைத் திருப்பிக் கொடு' என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் திருப்பிக் கொடுக்க நிலமே இல்லாதவனுக்கு அந்தக் கோரிக்கையில் என்ன இருக்கிறது?

இதை நம்மில் முதலில் பார்த்தவர் அம்பேத்கர். 1947இல் இரண்டு நாடுகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது, இரண்டு அரசுகளும் இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று எண்ணிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று சட்ட அமைச்சராக இருந்த அவர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட தாழ்த்தப்பட்ட மக்களை அத்தியாவசியப் பணியாளர்கள் என்று சொல்லி அந்த அரசு வெளியேறவிடவில்லை என்று முறையிட்டார். கழிவு அள்ள ஆள் வேண்டும் என்பதுதான் அதன் பச்சையான பொருள். தப்பி இந்தியப் பக்கம் வந்தவர்களுக்கும், முகாமில் இருந்தால்தான் நிவாரணம் என்று விதி வைத்திருக்கிறார்கள், முகாமிலோ பாகுபாட்டால் இவர்களால் இருக்க முடியவில்லை என்றும் எழுதினார். ஒரு நாடு விட மறுத்தது, இன்னொரு நாடு சேர்க்க மறுத்தது. இரண்டு நாட்டுக்கும் நடுவே மிகச் சரியான நடுநிலையோடு ஒருவர் நின்றிருந்தால், அவர் கண்ணுக்கு இவர்கள் தெரிந்திருக்கமாட்டார்கள்.

இவ்வளவையும் மற்றவர்கள் மேல் பழி போட்டுவிட்டு நான் இறங்கிப் போக முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, சமூகவியல் முதுகலை முடித்த கையோடு, ஒரு நிவாரண அமைப்பில் தன்னார்வலராகச் சேர்ந்து நாகை மாவட்டக் கடற்கரைக்குப் போனேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அங்கே நாடுகளுக்கு இடையில் சண்டை எதுவும் இல்லை. ஆனால் கடற்கரை யாருடையது என்ற கேள்வி இருந்தது. என் கையில் படிவமும் அட்டையும் கொடுத்தார்கள். பயிற்சி அரை நாள். "நாம சாதி கேக்கக்கூடாது, நாம நியூட்ரல்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சாதி கேட்காத இடம் ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

பெயர்ப் பட்டியலை மீனவர் ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து வாங்கினோம். வேறு யாரிடம் வாங்குவது? அமைப்பாக இருந்தவர்கள் அவர்கள்தான்; பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுக் கண்ணீரோடு உட்கார்ந்து பெயர் சொன்னார்கள். அவர்களுடைய இழப்பு பொய் இல்லை. அந்தப் பட்டியலை வைத்து டோக்கன் எழுதியது நான். ஃபைபர் படகுகள் வந்தன, கடலில் போன படகுகளைவிட அதிகமாகவே வந்தன. பட்டியலில் இல்லாதவர்கள் கொஞ்சம் தள்ளி, ரோட்டுக்கு மேற்கே இருந்தார்கள். மீன் கூடை தூக்கியவர்கள், ஐஸ் உடைத்தவர்கள், கருவாடு காயவைத்துத் தலைச்சுமையாக விற்றவர்கள், உப்பேறிப்போன வயலில் கூலி இழந்தவர்கள். இருளர் குடும்பங்கள் இன்னும் தள்ளி. படகு அவர்களுடையது இல்லை, அதனால் படகு போனவர் பட்டியலில் இல்லை. கடற்கரை ஊர் அவர்களுடையது இல்லை, அதனால் வீடு போனவர் பட்டியலிலும் இல்லை. நான் சாதியே கேட்கவில்லை. கேட்காமலேயே மிகச் சுத்தமாகச் சாதிப்படி பட்டியல் எழுதியிருந்தேன்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, ஒரு அம்மா என் அட்டையைத் தொட்டுப் பார்த்து, "இதுல எங்க தெரு எந்தப் பக்கத்துல வருது பாப்பா?" என்று கேட்டார். எனக்குப் படிக்கத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் பக்கம் பக்கமாகத் திருப்பித் தேடுவது போல நடித்தேன். அந்த நடிப்பை நான் எங்கும் எழுதியதில்லை.

அன்றைக்கு ராத்திரி காலனித் தெருவில் உட்கார்ந்து வேறு ஒரு பட்டியல் எழுதினேன், பள்ளிக்கூட நோட்டில். அமைப்புக்காரர்களிடம் கொண்டுபோனேன். கெட்டவர்கள் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்கள்: "ஊரைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு உள்ள வேலை செய்ய முடியாதும்மா. நாம பக்கம் எடுக்கிற மாதிரி ஆயிடும்." வன்னி, மல்லாகம், 1947 கடிதம் எல்லாவற்றையும் பல வருடங்கள் கழித்துப் படித்தபோது இந்த வாக்கியம்தான் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. உள்ளே போவதற்காகத்தான் நடுநிலை. உள்ளே போய்விட்ட பிறகும், யாருக்காகப் போனோமோ அவர்களைப் பார்க்காமல் இருப்பதற்கும் அதே நடுநிலை காரணமாகிவிடுகிறது.

இந்த அரங்கத்தில் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் கையிலும் யாராவது ஒரு படிவம் கொடுப்பார்கள். வெள்ளமோ, புயலோ, எல்லை தாண்டி வந்த அகதிகளோ. வேலைக்குப் போங்கள், நடுநிலை பேசும் அமைப்பாக இருந்தாலும் போங்கள்; அந்தக் கப்பலை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலை யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அதைக் கொடுத்தவர் எந்தத் தெரு வழியாக நடக்கமாட்டார் என்று விசாரித்து, முதல் நாளே அந்தத் தெருவுக்குப் போங்கள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்த குடும்பங்களுக்குத் தலித் அமைப்புகள் சில மூலமாக அரிசியும் தார்ப்பாயும் வந்தன, தாமதமாக, எல்லாருக்கும் இல்லை. நான் வாத்தியாரிடம் ஒருமுறை அதைக் காட்டினேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தார், ஒரு வருகைப் பதிவேட்டை வாசிப்பதைப் போல. வாசித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. அந்த அம்மாவின் பெயர் அதில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.